ஹீ-மேன் வருகிறார், லயனோ வருகிறார்: முன்பதிவு செய்யும் முன் ஒரு வழிகாட்டி

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த கார்ட்டூன் நாயகர்களுக்கு இப்போது மறுபடியும் நல்ல காலம். ஹீ-மேன், தண்டர்கேட்ஸ் லயனோ, நின்ஜா ஆமைகள், ஆப்டிமஸ் பிரைம், எக்ஸ்-மென் வோல்வரின் என்று ஒவ்வொருவராகப் புதிய ஆக்‌ஷன் ஃபிகர்களாக வந்துகொண்டே இருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பொம்மைகளில் கையும் காலும் கொஞ்சம் அசையும், அவ்வளவுதான். இப்போது வருபவற்றில் முழங்கை, முழங்கால், மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் மடங்குகின்றன. மாற்றிப் பொருத்த இரண்டு மூன்று முகங்களும் பல ஜோடிக் கைகளும் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. திரையில் பார்த்த அதே நிறம், அதே தோரணை.

சிங்கப்பூரில் இந்தப் பக்கம் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஓரிடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பிடித்த உருவம் கடையில் அடுக்கி இருக்கும், சம்பளம் வந்ததும் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். நடைமுறை வேறு. முதலில் பொம்மையின் படம் வெளியாகும், அடுத்து முன்பதிவு திறக்கும், அப்புறம் ஆறு மாதமோ ஓராண்டோ அதற்கும் மேலோ காத்திருக்க வேண்டும். நீங்கள் இன்று போடும் ஒவ்வொரு முன்பதிவும் பின்னால் ஏதோ ஒரு மாதத்தில் வந்து நிற்கப்போகும் பில். சீட்டுக் கட்டுகிறவர் ஒவ்வொரு மாதத் தவணையையும் கணக்கில் வைத்திருப்பது மாதிரி இதையும் வைத்திருக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கணக்கைச் சுற்றியே போகின்றன.

முதல் படி: யார் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

எல்லாமே அழகாக இருக்கும். அதனால்தான் முதலில் ஒரு கார்ட்டூனை, முடிந்தால் அதில் மூன்று நான்கு பாத்திரங்களை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு என்னிடம் ஒரே அளவுகோல்தான்: பெயரைக் கேட்டதும் அந்தக் கதையில் ஒரு காட்சி உங்களுக்கு நினைவுக்கு வர வேண்டும். விலை ஏறும் என்று யாரோ சொன்னதற்காக வாங்கும் உருவம் அலமாரியில் அந்நியமாகவே நிற்கும்.

நம்மவர்களுக்கு இதில் இன்னொரு வாசலும் உண்டு. ராணி காமிக்ஸில் முகமூடி வீரர் மாயாவியையும் முத்து காமிக்ஸில் மந்திரவாதி மாண்ட்ரேக்கையும் படித்து வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர். அந்த இருவரும் ஃப்ளாஷ் கார்டனுடன் சேர்ந்து 1986-இல் 'டிஃபெண்டர்ஸ் ஆஃப் தி எர்த்' என்ற கார்ட்டூனில் வந்தார்கள். அந்தக் கார்ட்டூன் தோற்றத்திலேயே நேகா நிறுவனம் ஏழு அங்குல உருவங்களை வெளியிட்டது. மாயாவி, மாண்ட்ரேக், அவருடைய தோழர் லொதார் எல்லாரும் அந்த வரிசையில் உண்டு. நம் வாசிப்புக்கு இவ்வளவு நெருக்கமான வரிசை வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. இப்போது கைமாற்றுச் சந்தையில்தான், அதாவது ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்களிடம்தான், தேட வேண்டும். தேடுவது வீண்போகாது.

இரண்டாம் படி: அளவை ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்

புதியவர்கள் விலையைப் பார்க்கிறார்கள், முகத்தைப் பார்க்கிறார்கள், உயரத்தைப் பார்ப்பதில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாயகன் இன்னொருவரின் இடுப்பளவுக்குத்தான் நிற்பார். அளவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மூன்றேமுக்கால் அங்குலம், அதாவது சுமார் 9.5 சென்டிமீட்டர். 1978-இல் கென்னர் நிறுவனம் ஸ்டார் வார்ஸ் பொம்மைகளை இந்த அளவில் விற்றதும் இது எங்கும் பரவியது. இன்று சூப்பர்7 நிறுவனத்தின் ரீஆக்‌ஷன் வரிசை இந்த அளவில் வருகிறது. ஐந்தே மூட்டுகள், பழைய பாணி அட்டை. இதை அட்டையோடு சுவரில் மாட்டுகிறவர்களே அதிகம்.

ஐந்தரை அங்குலம் ஹீ-மேனின் பிறப்பு அளவு. மேட்டல் 1982-இல் மாஸ்டர்ஸ் ஆஃப் தி யுனிவர்ஸ் பொம்மைகளைக் கொண்டுவந்தது இந்த அளவில்தான். கார்ட்டூன் அதற்கு அடுத்த ஆண்டு, 1983-இல் வந்தது. 2020 முதல் கடைகளில் கிடைக்கும் ஆரிஜின்ஸ் வரிசையும் அதே உயரம்.

ஆறு அங்குலம், சுமார் 15 சென்டிமீட்டர். மார்வெல் லெஜெண்ட்ஸ், ஜி.ஐ. ஜோ கிளாசிஃபைட் இரண்டும் இந்த அளவு. பண்டாயின் எஸ்.எச். ஃபிகுவார்ட்ஸ் உருவங்களும் ஏறக்குறைய இதே உயரத்தில் நிற்கும். ஆக அதிகத் தேர்வு உள்ள அளவு இதுதான்.

ஏழு அங்குலத்தில் நேகா, சூப்பர்7 அல்டிமேட்ஸ், மேட்டலின் மாஸ்டர்வெர்ஸ். பன்னிரண்டு அங்குலத்தில் ஹாட் டாய்ஸ் போன்றவை. இவற்றுக்குத் துணி உடை, தனி விலை, தனிப் பராமரிப்பு. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் இந்தக் கணக்கில் வராது. அது தனக்கென்று டீலக்ஸ், வாயேஜர், லீடர் என்று அளவு வகுத்துக்கொண்ட தனி உலகம்.

கழக வீட்டில் ஓர் அலமாரித் தட்டுக்கு மேல் இடம் கிடைக்காது என்பவர்களுக்கு ஐந்தரை அல்லது ஆறு அங்குலம் சரியாக வரும். முதல் உருவமாக எதை வாங்குவது என்று என்னைக் கேட்டால் ஆரிஜின்ஸ் வரிசையைத்தான் சொல்வேன். விலை மட்டு. மூட்டுகள் உறுதி. தலை, கை, கால்களைக் கழற்றி இன்னொன்றில் பொருத்தலாம் என்பதால், ஓர் ஆக்‌ஷன் ஃபிகர் எப்படிச் செய்யப்படுகிறது என்பதும் கையோடு புரிந்துவிடும். 2024 முதல் இதிலேயே கார்ட்டூன் கலெக்‌ஷன் என்று, திரையில் பார்த்த எளிய வண்ணங்களோடு ஒரு பிரிவு வருகிறது.

மூன்றாம் படி: யார் எப்படி விற்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு. மேட்டலும் ஹாஸ்ப்ரோவும் பெரிய அளவில் தயாரித்துக் கடைகளுக்கு அனுப்புகின்றன. கொஞ்சம் பொறுத்தால் பல உருவங்கள் விலை குறைந்தே கிடைக்கும்.

சூப்பர்7 அல்டிமேட்ஸ் நேர்மாறு. முன்பதிவுக்கு ஒரு கெடு வைத்து, வந்த எண்ணிக்கையைப் பார்த்துத் தயாரிக்கும் முறையில் வளர்ந்த வரிசை அது. 55 அமெரிக்க டாலர் அளவில் விற்றுவந்தது. காத்திருப்பு ஓராண்டைத் தாண்டிய சுற்றுகளும் உண்டு. தண்டர்கேட்ஸ் ரசிகர்களுக்கு இந்தப் பொறுமை தேவைப்படும்.

நேகாவில் பார்க்க வேண்டியது வேறு. அதன் சில வரிசைகள் அமெரிக்காவின் ஒரே ஒரு கடைக்கென்று ஒதுக்கப்படும். 1987 கார்ட்டூன் தோற்றத்தில் வந்த நின்ஜா ஆமைகள் அங்கே பெரும்பாலும் டார்கெட் கடைகளில்தான் கிடைத்தன. அப்படிப்பட்டவை இங்கே அலமாரிக்கு வருவது அபூர்வம். கைமாற்றாக வாங்க வேண்டும், இல்லையென்றால் அங்கிருந்து வரவழைக்க வேண்டும்.

ஜப்பானின் பண்டாய், பொதுக் கடைகளுக்கு ஒரு பகுதியையும் பிரீமியம் பண்டாய் தளத்துக்கென்று ஒரு பகுதியையும் ஒதுக்கும். அந்தத் தளத்துக்குச் சிங்கப்பூர்ப் பிரிவு இருப்பது நமக்குப் பெரிய வசதி. டகாரா டோமி 2024-இல் தொடங்கிய மிஸ்ஸிங் லிங்க் வரிசையையும் கவனியுங்கள். 1984-இன் ஆப்டிமஸ் பிரைம் வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கை கால்கள் நன்றாக மடங்கும்படி செய்திருக்கிறார்கள். பழைய பொம்மையைக் கையில் வைத்து விளையாடியவர்களுக்கு அது தரும் மகிழ்ச்சி தனி.

இன்னொரு வகை கூட்டுநிதி. குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆள் சேர்ந்தால்தான் தயாரிப்பார்கள். ஹாஸ்ப்ரோவின் ஹாஸ்லேப் 2019-இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸின் யூனிக்ரானை அறிவித்தபோது 8,000 பேர் தேவைப்பட்டார்கள். கெடுவை நீட்டித்த பிறகுதான் அந்த எண்ணிக்கை எட்டியது. பொம்மை கைக்கு வந்தது 2021-இல். முதல் ஆண்டில் இந்தப் பக்கம் போகாதீர்கள். பணமும் இடமும் ஒரே உருவத்தில் அடைபட்டுவிடும்.

நான்காம் படி: அறிவிப்பு வரும் காலத்தைக் குறித்து வையுங்கள்

ஆண்டின் தொடக்கத்தில் நியூயார்க் டாய் ஃபேர், ஜூலையில் சான் டியேகோ காமிக்-கான், அக்டோபரில் நியூயார்க் காமிக் கான். ஜப்பானில் குளிர்காலத்திலும் கோடையிலும் வொண்டர் ஃபெஸ்டிவல். புதிய உருவங்களின் படங்கள் பெரும்பாலும் இந்த நாள்களை ஒட்டியே வரும். சான் டியேகோவைவிட நாம் ஜூலையில் 15 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அங்கே வெள்ளிக்கிழமை காலை 10 மணி என்றால் இங்கே சனிக்கிழமை நள்ளிரவு தாண்டி 1 மணி. அதற்காக விழித்திருக்க வேண்டாம். பெரும்பாலான முன்பதிவுகள் பல நாள்கள் திறந்திருக்கும். ஜப்பான் நேரம்தான் வசதி: அங்கே மாலை 4 மணி, இங்கே 3 மணி.

நம் ஊரிலேயே இரண்டு நிகழ்ச்சிகள் உண்டு. நவம்பரில் சன்டெக்கில் நடக்கும் அனிமே ஃபெஸ்டிவல் ஏஷியா, டிசம்பரில் மரினா பே சாண்ட்ஸில் நடக்கும் சிங்கப்பூர் காமிக் கான். வரப்போகும் உருவங்களின் மாதிரிகள் கண்ணாடிக்குள் வைக்கப்பட்டிருந்தால் நன்றாக உற்றுப் பாருங்கள். விளம்பரப் படத்தில் வண்ணப்பூச்சு மிக நேர்த்தியாகத் தெரியும். நேரில் பார்த்தால்தான் கண் வரைந்த விதம், மூட்டு ஊசிகளின் நிறம், மொத்த உயரம் எல்லாம் பிடிபடும்.

ஐந்தாம் படி: எதற்கு முன்பதிவு, எதற்குப் பொறுமை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வேன் என்பவர்கள் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

தலைமை நாயகன் திரும்பத் திரும்ப வருவார். ஹீ-மேன் இல்லாத ஹீ-மேன் வரிசை கிடையாது. ஒரு முறை தவறவிட்டால், வேறு வண்ணத்தில், வேறு முகத்தோடு, வேறு பெட்டியில் அவரே மறுபடி வந்து நிற்பார். லயனோ, ஆப்டிமஸ் பிரைம், வோல்வரின் எல்லாருக்கும் இதே கதைதான். துணைப் பாத்திரங்களின் நிலைமை வேறு. மூன்றாவது நான்காவது சுற்றில் வரும் ஒரு வில்லன், இரண்டே அத்தியாயங்களில் தலைகாட்டிய ஒரு தோழர், நாயகனின் வாகனம் ஆகியவற்றைக் குறைவாகத்தான் தயாரிப்பார்கள். கடைக்காரர்களும் குறைவாகத்தான் எடுப்பார்கள். விற்றுத் தீர்ந்தால் மறுபதிப்பு வருமா என்று சொல்ல முடியாது.

புதியவர்கள் செய்வது இதற்குத் தலைகீழ். நாயகனுக்குப் பதற்றப்பட்டு முதல் நாளே முழுப் பணம் கட்டுகிறார்கள். துணைப் பாத்திரத்தை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டு, இரண்டாண்டு கழித்து இரட்டை விலை கொடுக்கிறார்கள். நீங்கள் நாயகனை நிதானமாக வாங்குங்கள். கிடைக்காத பாத்திரத்துக்கு முன்பதிவுப் பணத்தை ஒதுக்குங்கள்.

திரைப்படம் வரப்போகிறது என்றால் இன்னும் நிதானம் வேண்டும். திரைப்படத்தை ஒட்டிப் பழைய கார்ட்டூன் தோற்றத்திலும் நிறையப் பொம்மைகள் இறங்கும். மாஸ்டர்ஸ் ஆஃப் தி யுனிவர்ஸ் திரைப்படத்துக்கு 2026 ஜூன் என்று தேதி அறிவித்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் வரத்து அதிகம், தேர்வும் அதிகம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாங்கினால், பின்னால் வரும் நல்ல உருவத்துக்குக் கையில் காசு இருக்காது.

ஆறாம் படி: சிங்கப்பூரில் எங்கே போவது

வாங்குவதற்கு முன் ஒரு நாள் சியா ஸ்திரீட்டில் உள்ள மின்ட் பொம்மை அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். 2007-இல் திறக்கப்பட்டது. பாப்பாய், பேட்மேன், ஃப்ளாஷ் கார்டன் என்று அந்தக் காலத்துத் தகரப் பொம்மைகளிலிருந்து பார்த்துக்கொண்டே வரலாம். பழைய வண்ணம் எப்படி மங்குகிறது, பெட்டி எப்படிச் சிதைகிறது என்று பார்த்தவருக்குப் பின்னால் கைமாற்றுப் பொருளை எடை போடும் கண் வந்துவிடும்.

கிராஸ் ஸ்திரீட்டில் உள்ள சைனா ஸ்குவேர் சென்ட்ரல், பொம்மைக் கடைகளுக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கும் நெடுநாளாகப் பெயர் பெற்ற இடம். கடைகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் திறந்திருக்கும் நாளைப் பார்த்துவிட்டுப் போங்கள். விவோசிட்டியின் டாய்ஸ் ஆர் அஸ் போன்ற பெரிய கடைகளில் மேட்டல், ஹாஸ்ப்ரோ பொம்மைகள் கிடைக்கும். முஸ்தஃபாவுக்கு மளிகை வாங்கப் போனால் பொம்மைப் பகுதியையும் ஒரு சுற்று பாருங்கள்.

சிறிய ஹாபி கடைகளில்தான் முன்பதிவு நடக்கும். ஒரு தொகையை டெபாசிட்டாக வாங்கிக்கொண்டு, சரக்கு வந்ததும் மெசேஜ் அனுப்புவார்கள். மீதிப் பணத்தைக் கட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். நான்கு கேள்விகளை முதலிலேயே கேட்டுவிடுங்கள். இறுதி விலை இதுதானா, வரும்போது மாறுமா? டெபாசிட் திரும்பக் கிடைக்குமா? வந்த பிறகு எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்? நிறுவனம் தயாரிப்பையே நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? "அங்கிள், ரசீதில் இதையும் எழுதிக் கொடுங்க" என்று கேட்பதில் தப்பே இல்லை. நல்ல கடைக்காரர் எழுதிக் கொடுப்பார். அந்தக் கடையையே பிடித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து ஒரே இடத்தில் வாங்குகிறவருக்குத்தான், யாரோ ரத்து செய்த முன்பதிவு கைக்கு வரும்.

பொருள் வாங்கியதில் தகராறு வந்து பேசியும் தீரவில்லை என்றால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை, விவகாரம் எழுந்த இரண்டு ஆண்டுக்குள் கொண்டுபோகலாம். ரசீதும் மெசேஜ்களும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஏழாம் படி: வெளிநாட்டில் வாங்கினால் உண்மையான விலை என்ன

அமெரிக்காவின் பிக் பேட் டாய் ஸ்டோர், ஜப்பானின் அமிஅமி, ஹாபிலிங்க் ஜப்பான் ஆகியவை இங்குள்ளவர்கள் அதிகம் பயன்படுத்தும் தளங்கள். திரையில் தெரியும் விலையை மட்டும் பார்த்து உள்ளூர்க் கடை கொள்ளையடிக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஓர் உருவம் 55 வெள்ளி, அனுப்பும் செலவு 30 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 85. பொருள் சேவை வரி 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடு. அது 7 வெள்ளி 65 காசு. வெளிநாட்டு நாணயத்தில் கடன் அட்டையைப் பயன்படுத்தினால் வங்கிகள் சுமார் 3 விழுக்காடு கட்டணம் சேர்க்கும். ஆக 95 வெள்ளியை ஒட்டி வந்துவிடும். அதே உருவம் இங்கே 85-க்குக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு இங்கேயே வாங்கலாம். உடைந்திருந்தால் மாற்றவும் ஆள் இருக்கிறார்.

வரி விவரம் கொஞ்சம் நுணுக்கமானது. 2023 ஜனவரி முதல், விமானம் அல்லது அஞ்சல் வழி வரும் 400 வெள்ளிக்கு மேற்படாத பொருளுக்கும் இந்த வரி உண்டு. சிங்கப்பூரில் பதிவு செய்த வெளிநாட்டு விற்பனையாளர்கள் பணம் செலுத்தும்போதே அதை வசூலித்துவிடுவார்கள். 400-க்கு மேல் போனால் பொருள் இங்கே வரும்போது கூரியர் நிறுவனம் கேட்கும். பல உருவங்களைச் சேர்த்து அனுப்பச் சொல்லும்போது பெட்டியின் மொத்த மதிப்பு 400-ஐத் தாண்டிவிடலாம். ஏற்கெனவே வரி கட்டியதைக் காட்டும் ரசீது இல்லையென்றால் இரண்டு முறை கட்ட நேரும். ரசீதை மின்னஞ்சலிலேயே பத்திரமாக வையுங்கள். கப்பலில் வரவழைத்தால் இந்த 400 வெள்ளி எல்லை பொருந்தாது. சிறிய தொகைக்கும் பொருள் இங்கே வரும்போதே வரி உண்டு. பொம்மைக்குத் தனிச் சுங்கத் தீர்வை இல்லை என்பது ஆறுதல்.

சேர்த்து அனுப்பும் வசதி உண்மையில் பெரிய சேமிப்பு. வாங்கியதைக் கிடங்கில் வைத்திருந்து, நாலைந்து சேர்ந்ததும் ஒரே பெட்டியாக அனுப்பும் ஏற்பாடு மேலே சொன்ன தளங்களில் சிலவற்றில் உண்டு. அனுப்பும் செலவு உருவங்களுக்கிடையே பிரிந்துவிடும். 2025-இல் அமெரிக்கா சீனப் பொருள்களுக்குக் கூடுதல் இறக்குமதி வரி போட்டதையும் கணக்கில் கொள்ளுங்கள். பொம்மைகளில் பெரும்பகுதி சீனாவில் தயாராகிறது. அமெரிக்கா வழியாகச் சுற்றி வரும் பொம்மையின் விலைக்குள் அந்த வரியின் பாரமும் இருக்கலாம். ஜப்பானிலோ இங்கேயோ கிடைப்பதை அங்கிருந்து வரவழைக்கக் காரணமே இல்லை.

எட்டாம் படி: ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்

கைப்பேசியில் ஒரு குறிப்பு போதும். உருவத்தின் பெயர், கடை, கட்டிய டெபாசிட், கட்ட வேண்டிய மீதி, சொன்ன மாதம், ரத்து செய்யக் கடைசி நாள். அவ்வளவுதான். சொன்ன மாதம் தள்ளிப்போகும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். சீனப் புத்தாண்டையொட்டித் தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடியிருக்கும். ஆண்டின் முதல் காலாண்டில் வருவதாகச் சொன்னவை அடுத்த காலாண்டுக்கு நகர்ந்தால் ஆச்சரியம் இல்லை. அப்படி நகரும்போதுதான் மூன்று உருவங்களின் பில்லும் ஒரே மாதத்தில் வந்து விழும்.

ஒரு மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு வையுங்கள். பட்டியலில் ஏதாவது ஒரு மாதம் அதைத் தாண்டினால் புதிய முன்பதிவு வேண்டாம். வேண்டாம் என்று தோன்றிய முன்பதிவைக் கெடுவுக்குள் முறையாக ரத்து செய்யுங்கள். பணம் கட்டாமல் விட்டுவிட்டால் ஜப்பானியத் தளங்களில் கணக்கே முடக்கப்படலாம். உள்ளூர்க் கடைக்காரர் உங்களை நம்பித்தான் சரக்கு எடுத்திருக்கிறார். வீட்டில் இருப்பவர்களுக்கும் இந்தப் பட்டியலைக் காட்டிவிடுங்கள். பெட்டி வாசலில் வந்து இறங்கும்போது விளக்கம் சொல்வதைவிட அது நல்லது.

ஒன்பதாம் படி: கைமாற்றும் போலியும்

பழைய வரிசைகளுக்குக் கேரௌசல் என்ற கைமாற்றுத் தளம்தான் வழி. முதலில் அங்கே புழங்கும் சொற்கள் தெரிய வேண்டும். எம்ஐஎஸ்பி என்றால் திறக்காத, முத்திரை கலையாத பெட்டி. எம்ஓசி என்றால் அட்டையிலிருந்து பிரிக்காதது. லூஸ் என்றால் பெட்டியிலிருந்து எடுத்தது. எல்லாத் துணைப்பொருளும் இருக்கின்றனவா என்று தனியாகக் கேட்க வேண்டும். பிஓ என்றால் முன்பதிவு. பெட்டி முக்கியமில்லாதவர்களுக்கு லூஸ்தான் லாபம்.

விற்பவரிடம், இன்றைய தேதி எழுதிய தாளை உருவத்துக்குப் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தைக் கேளுங்கள். எம்ஆர்டி நிலையத்தில் நேரில் சந்தித்து, மூட்டுகளை அசைத்துப் பார்த்துவிட்டு, அங்கேயே பேநவ் செய்யுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் கைமாற்றுத் தளத்தில் 'பிஓ' எடுக்கிறேன் என்று முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கேட்டால் விலகிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799-ஐ அழைத்துக் கேட்கலாம்.

போலிகள் எஸ்.எச். ஃபிகுவார்ட்ஸில்தான் அதிகம். டிராகன் பால் உருவங்களைக் குறிவைத்தே அடிக்கிறார்கள். விலை சந்தையைவிடப் பாதியாக இருந்தால் அதுவே முதல் அடையாளம். பெட்டி அச்சு மங்கலாக இருக்கும், உரிமச் சின்னமோ ஒட்டியோ காணாமல் போயிருக்கும், தோல் நிறம் மெழுகாகப் பளபளக்கும், மூட்டுகள் தளர்ந்து ஆடும். அசலின் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். போலியை அசல் என்று வாங்குவது ஒருபுறம். அதைச் செதுக்கிய சிற்பிக்கும் வண்ணம் தீட்டியவருக்கும் ஒரு காசும் போகாது என்பது எனக்கு அதைவிட வருத்தமானது.

பத்தாம் படி: வந்த பிறகு

பெட்டியைப் பிரிப்பதை ஒரே மூச்சாகக் காணொளி எடுத்துவிடுங்கள். உடைந்திருந்தாலோ ஒரு கை குறைந்திருந்தாலோ அதுதான் சாட்சி. எல்லா உறுப்புகளையும் சரிபார்த்துவிட்டு, குறை இருந்தால் அன்றைக்கே கடைக்கு எழுதுங்கள்.

முதல் முறை மூட்டை அசைக்கும்போது இறுக்கமாக இருந்தால் முறுக்காதீர்கள். வண்ணம் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அந்தப் பகுதியை வெந்நீரில் சிறிது நேரம் வைத்தாலோ முடி உலர்த்தியின் சூட்டைக் காட்டினாலோ பிளாஸ்டிக் இளகும். அப்புறம் மெல்ல அசையுங்கள். வளைந்த வாளையும் இப்படியே நேராக்கலாம்: வெந்நீரில் காட்டி, நேராகப் பிடித்து, குளிர்ந்த நீரில் முக்கினால் அப்படியே நின்றுவிடும். மூட்டுக்குச் சிலிகான் எண்ணெய் ஒரு துளி போதும். துருப்பிடித்த கீலுக்கு அடிக்கும் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

நம் தீவின் பருவநிலையைச் சமாளிப்பதுதான் நீண்ட வேலை. ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். மென்மையான பிவிசியை இளக்கமாக வைக்கும் சேர்மம் வெப்பத்தில் மெல்லக் கசிந்து மேற்பரப்புக்கு வரும், தொட்டால் பிசுபிசுக்கும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டுக் கழுவி, நிழலில் உலர வைத்தால் போய்விடும். காற்று புகாத பையில் அடைத்து வைத்தால் இது இன்னும் மோசமாகும். வீட்டின் பாம் ஷெல்டரில் பெட்டிகளை அடுக்குகிறவர்கள் பலர். அங்கே காற்றோட்டம் குறைவு. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளை வைத்து, அவ்வப்போது மாற்றுங்கள். உருவங்களை அங்கே வைக்காமல் காலிப் பெட்டிகளை மட்டும் வையுங்கள்.

செயற்கைத் தோல் உடை அணிந்த பெரிய உருவங்களை வாங்கும் முன் நன்றாக யோசியுங்கள். அந்தப் பாலியூரிதேன் பூச்சு ஈரக்காற்றில் சிதைந்து சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரியும். நம் ஊரில் அது சீக்கிரமே நடக்கும். கார்ட்டூன் நாயகர்களில் பெரும்பாலோர் பிளாஸ்டிக்கிலேயே செதுக்கிய உடையோடு வருவது நமக்கு நல்லதாகிவிட்டது.

அலமாரியை சன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். வெயில் படும் வெள்ளை, வெளிர்நீலப் பிளாஸ்டிக் மஞ்சளாகிவிடும். கண்ணாடிக் கதவு உள்ள அலமாரி தூசியைத் தடுக்கும். ஆனால் உள்ளே சூடேறாமலிருக்க எல்இடி விளக்கு மட்டும் போடுங்கள். ஒற்றைக் காலில் தாவும் தோரணையில் மாதக்கணக்கில் விட்டால் கால் வளைந்து சாய்ந்துவிடும். தாங்கி ஒன்று வாங்கிப் பொருத்துங்கள், அல்லது இரண்டு காலிலும் நேராக நிறுத்துங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், மாற்றுக் கைகளையும் சிறிய வாள்களையும் மூடியுள்ள டப்பாவில் போட்டு, எந்த நாயகனுடையது என்று எழுதி ஒட்டி, எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள்.